பெரியகுளத்துக்குப் போகாத பாண்டி

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு மூன்று பேர் வந்தார்கள். எங்கள் கம்பத்து ஹாக்கி கமிட்டிக்காரர்கள். கையில் பழத்தட்டு, வெற்றிலை பாக்கு, அச்சு மை வாசம் போகாத நோட்டீஸ்.

"கோடைப் போட்டிக்கு இந்த வருசம் நீங்கதாண்ணே தலைமை. ஃபைனல் அன்னைக்கு வந்து கப்பு குடுக்கணும்" என்றார் செயலாளர். கூடவே ஒரு வார்த்தையும் போட்டார். "ஒங்க பேரச் சொன்னதே நம்ம வெல்டிங் பாண்டிதான். தவசி மொதலாளியத்தான் கூப்பிடணும்ன்டு ஒத்தக் கால்ல நிக்கிறான்."

நான் முடியாது என்றேன்.

அடுப்படியில் இருந்து என் சம்சாரம் எட்டிப் பார்த்தாள். முப்பது வருடத்தில் என் வாயில் இருந்து அவள் கேட்டிராத வார்த்தை அது. காதுகுத்தோ, கடை திறப்போ, யார் மாலையைத் தூக்கினாலும் முதலில் நீளுகிற கழுத்து என்னுடையதுதான். இந்தப் பத்தியை வாரா வாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியாததா? நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்... தலையில் திராட்சைக் கூடை சுமந்தவன்... இன்று கம்பத்தில் சொந்த மண்டி, மூன்று லாரி, கணக்கெழுத இரண்டு பி.காம். பட்டதாரிகள். இதை இதுவரை பதினோரு தடவை எழுதிவிட்டேன் என்று ஒரு வாசகர் எண்ணிப் பார்த்துக் கார்டு போட்டிருந்தார்.

கமிட்டிக்காரர்கள் முகம் வாடிப் போனதும் சம்சாரம் வந்தாள்.

"ஒடம்புக்கு என்னமும் செய்யுதா?"

"இல்ல."

"மால வேணாம்ன்டு சொல்ற ஆளா நீங்க? டாக்டர்ட்டப் போவமா?"

அவளிடம் அப்போது சொல்லவில்லை. மாலை வேண்டாம் என்றதற்குக் காரணம் அதைக் கொடுக்கச் சொன்ன ஆள். அந்தப் பாண்டி.

மூன்று வருடத்துக்கு முன்னால் பாண்டி எங்கள் ஊர் டீமின் சென்டர் ஃபார்வர்டு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வெல்டிங் பட்டறையில் வேலை. பந்து அவன் ஸ்டிக்கை விட்டுப் போகவே போகாது. "என்னாடா, பந்துக்கும் ஸ்டிக்குக்கும் பத்த வச்சுட்டியா?" என்று வேலிக்கு வெளியே இருந்து கத்துவோம். சிரிக்கக்கூட மாட்டான். ஓடிக்கொண்டே இருப்பான்.

எங்கள் பக்கத்துக் கோடைப் போட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு டீமும் வெளியூர் ஆட்கள் மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதனால் ஏப்ரல் பிறந்துவிட்டால் யார் எந்த ஊருக்குத் தாவுகிறான் என்பதுதான் பேச்சு. போட்டிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் பட்டியலைக் கமிட்டியிடம் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஆள் மாற்ற முடியாது.

அந்த வருடம் என் அக்கா மகன் ரமேஷ் கனடாவில் இருந்து லீவில் வந்திருந்தான். கம்ப்யூட்டர் வேலை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்.

"மாமா, அங்கன ஐஸ் மேல ஹாக்கி. பிளேயர மாத்திக்கிறதுக்குக் கடைசி நாள்ன்டு ஒன்டு இருக்கு. அதுக்கு முந்துன வாரம் ஆபீஸ்ல ஒருத்தனும் வேல பாக்க மாட்டான். யாரு எங்க போறான்டு புரளி மேல புரளி."

"இதுக்கா அம்புட்டுத் தூரம் பிளேன் ஏறிப் போன? இந்தா, இந்த பெஞ்சுலயே பாத்திருக்கலாமேடா."

அப்புறம்தான் அந்த வினையைச் சொல்லிக் கொடுத்தான். அவர்கள் ஆபீஸில் ஆளுக்கு ஒரு பேப்பர் டீம் எழுதி வைப்பார்களாம். நிஜ மேட்சில் நம் பேப்பரில் இருக்கிறவன் கோல் போட்டால் நமக்குப் பாயிண்ட். டீம் நம்முடையது, ஓடி வேர்க்கிறவன் வேறொருத்தன். உட்கார்ந்த இடத்தில் முதலாளி ஆகிவிடலாம். எனக்குப் பிடிக்காமல் போகுமா?

ஆறு பேர் சேர்ந்தோம். ஆளுக்கு எட்டுப் பெயர். ஒருத்தர் எழுதிய பெயரை இன்னொருத்தர் எழுதக்கூடாது. கோலுக்கு இரண்டு பாயிண்ட். கோல் விழாமல் காத்த கீப்பருக்கும் இரண்டு. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஆளுக்கு ஒரு தடவை பெயரைக் கைமாற்றிக்கொள்ளலாம். ஜெயித்தவனுக்கு மற்ற ஐந்து பேரும் சேர்ந்து கெடா விருந்து வைக்க வேண்டும்.

யார் முதலில் எழுதுவது என்று சீட்டுக் குலுக்கினோம். மருந்துக்கடை சந்திரனுக்கு முதல் சீட்டு. சீட்டைப் பிரித்த கையோடு 'பாண்டி' என்று எழுதிவிட்டான்.

எனக்கு ஆறாவது சீட்டு.

எந்தத் தோட்டத்துக்குள் நுழைந்தாலும் முதல் குலை எனக்கு என்று வாழ்ந்தவன் நான். ஆறாவதா? என் பேப்பரில் உருப்படியாக இருந்தது ஒரு கோல் கீப்பர் மட்டும்தான். சந்திரன் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துத் தட்டிக்கொண்டான். அந்தத் தட்டு எனக்குள் எங்கேயோ விழுந்தது.

இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோட்டத்துக்குத் திராட்சை விலை பேசப் போகும்போது நான் விலையே பேச மாட்டேன். குலையைத் தடவிப் பார்ப்பேன். பெருமூச்சு விடுவேன். "குமுளிக்கு அங்கிட்டு, கேரளாவுல, நாளைக்குக் கடையடைப்பாமே... லாரி போகுமோ என்னமோ" என்று கொடியைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்புவேன். தோட்டக்காரர் பின்னாலேயே ஓடி வருவார். இது வியாபாரத் தந்திரம் என்று இதே பத்தியில் பெருமையாக எழுதியிருக்கிறேன். நீங்களும் ரசித்துக் கார்டு போட்டீர்கள்.

அந்த வித்தையை அந்த வாரம் ஒரு மனிதன் மேல் பிரயோகம் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை. டீ மாஸ்டரிடம் மட்டும், அதுவும் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"பாண்டி பெரியகுளம் டீமுக்குப் போறானாம்ல. அங்கன ஏற்கெனவே நல்ல சென்டர் ஃபார்வர்டு இருக்கான். இவனப் பின்னால நிறுத்திப்புட்டா கோலு எங்கிட்டுப் போட... நமக்கெதுக்கு அதெல்லாம். சீனி கம்மியாப் போடு."

அவ்வளவுதான். வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை.

மத்தியானம் முடி வெட்டப் போனேன். சலூன்காரர் என் காதுக்குள் சொன்னார்: "அண்ணே, பாண்டி பெரியகுளத்துல ரெண்டு நாளா பிராக்டீஸ் பண்றானாம்." சாயங்காலம் மண்டிக்கு வந்த டிரைவர், "புது பூட்ஸ் வாங்கிக் குடுத்திருக்காக, என் கண்ணால பாத்தேன்" என்றான். வீட்டுக்குப் போனால் என் சம்சாரமே சாப்பாடு போட்டுக்கொண்டு சொல்கிறாள் — "அந்த வெல்டிங் பையன் பெரியகுளத்துக்கே குடி போறானாமே. பொண்ணு பாத்துட்டாகளாம்."

நானே ஒரு நிமிடம் நம்பிவிட்டேன்.

பாண்டி ஊரில் இருந்திருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பான். அவன் அந்த வாரம் கோம்பையில் ஒரு புது வீட்டுக்கு கிரில் அடிக்கப் போயிருந்தான். வேலை முடிகிற வரை அங்கேயே தங்கல். செல்போன் கிடையாது. ஆளைக் காணோம் என்றதும் புரளிக்குக் கால் முளைத்துவிட்டது.

வியாழக்கிழமை சந்திரன் மண்டிக்கு வந்தான்.

"அண்ணே, ஒங்க கீப்பர எனக்குத் தாரீகளா?"

"எதுக்கு?"

"சும்மாதான்."

"பதிலுக்கு யாரத் தருவ?"

"பாண்டிய" என்றான், கூரையைப் பார்த்துக்கொண்டே.

"பின்னால நிக்கப் போறவன வச்சு நான் என்ன பண்ண?"

"நீங்க பெரிய மனுசன்ணே. ஒங்களுக்கு ஒரு ஆளு போனா என்னா?"

டீ வாங்கிக் கொடுத்து, அவன் கடைசி மடக்கைக் குடிக்கிற வரை காக்க வைத்து, பெருமூச்சு விட்டு, பெயரை மாற்றி எழுதினேன். அவன் தெருமுனை தாண்டியதும் மண்டிக் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தேன். பாண்டி எங்கேயும் போகவில்லை. இங்கேதான் ஆடுவான். அவன் போடுகிற கோல் அத்தனையும் இனி எனக்கு. எப்படி என் மூளை?

திராட்சைக்குக் காது கிடையாது. அதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

எங்கள் டீமின் மேனேஜர் ரிட்டையர்டு பி.டி. வாத்தியார். பத்து வயதில் பாண்டிக்கு ஸ்டிக் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர். புரளி அவர் காதுக்கும் போயிருக்கிறது. யாரிடமும் விசாரிக்கவில்லை. அவனாக வந்து சொல்லட்டும் என்று மூன்று நாள் பார்த்தார். வெள்ளிக்கிழமை நாலரை மணிக்குப் பாண்டி பெயரை அடித்துவிட்டு, வேறு ஆளை எழுதிப் பட்டியலைக் கொடுத்துவிட்டார்.

பெரியகுளத்துப் பட்டியலில் பாண்டி பெயர் எப்படி இருக்கும்? அவர்கள்தான் அவனைக் கூப்பிடவே இல்லையே.

அந்த வருடப் போட்டி அவனுக்கு வெறும் போட்டி இல்லை. சென்னையில் ஒரு பெரிய ஆபீஸ் டீமின் கோச் அவனை முந்தின வருடம் பார்த்துவிட்டு, "அடுத்த வருசமும் வந்து பாக்குறேன், இதே மாதிரி ஆடினா எடுத்துக்குறேன்" என்று சொல்லிப் போயிருந்தார். டீமில் எடுத்தால் வேலையும் உண்டு. வயது வரம்பில் பாண்டிக்கு அதுதான் கடைசி வருடம். இது ஊருக்கே தெரியும்.

எனக்கும் தெரியும். அதையும் எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை ஐந்தரை மணி. பாண்டி மண்டிக்கு வந்தான். கோம்பையில் இருந்து இறங்கிய கோலம். கை நிறைய இரும்புத் தூள்.

"மொதலாளி, யாரோ நான் பெரியகுளத்துக்குப் போறேன்டு கெளப்பி விட்டுட்டாக. வாத்தியாரு பேர அடிச்சுட்டாரு. எம் மூஞ்சியவே பாக்க மாட்டேன்றாரு. நீங்க சொன்னா கேப்பாருய்யா. யாரு கூட யாரு ஆடுறதுன்டு ஏழு மணிக்குத்தான் சீட்டுக் குலுக்குறாக. அதுக்குள்ள வாத்தியாரு ஒரு வார்த்த சொன்னா கமிட்டியில சேத்துக்குவாகளாம்."

என்னிடம் வந்தான் பாருங்கள். ஊரில் பெரிய மனிதன் என்று நம்பி.

பைக்கை எடுத்தேன். பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனேன். வாசலில் நாலைந்து பேர் நின்றார்கள். பக்கத்து வீடு சந்திரனுடையது. அவனும் சுவர்மேல் கையை ஊன்றி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

வாத்தியார் படியில் நின்றபடியே பேசினார்.

"தவசி, நான் கல்லு இல்ல. யாரு சொன்னது, எதுக்குச் சொன்னதுன்டு எனக்குத் தெரியணும். சொன்ன ஆளு இங்கன வந்து, 'வாத்தியாரே, அது பொய்யி, நான்தான் சொன்னேன்'டு சொல்லட்டும். இந்தா, சட்டைய மாட்டிக்கிட்டு நானே கமிட்டிக்குப் போறேன். கால்ல விழுந்தாச்சும் சேக்குறேன். அது இல்லாம இவன் வார்த்தைய மட்டும் நான் எப்பிடி நம்புறது? மூணு நாளா ஆளக் காணோமே."

"கோம்பையில வேலைக்குப் போனேன் சார்" என்றான் பாண்டி.

"எல்லாரும்தான் வேலைக்குப் போறாக. சொல்லிட்டுப் போனியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாண்டியும் பார்த்தான். என்னவாவது பேசுவேன் என்று.

'நான்தான்.' ஒரே ஒரு வார்த்தை. கூடைச் சுமை ஏற்றி இறக்கிய எனக்கு அது பெரிய கனமா? ஆனால் சுவர்மேல் சந்திரன் நிற்கிறான். நாளைக்கு டீக்கடையில் என்ன பேசுவார்கள்? ஒரு கெடா விருந்துக்காகத் தவசி பொய் சொல்லிவிட்டான் என்று...

"ஊரு வாயி வாத்தியாரே. யாருன்டு கண்டோம்?" என்றேன்.

வாத்தியார் கதவைச் சாத்தினார்.

போட்டி நடந்தது. செமி ஃபைனலுக்குச் சென்னைக் கோச் வந்தார். எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். பாண்டி கயிற்றுக்கு வெளியே குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். பந்து வெளியே வந்தால் எடுத்து உள்ளே போட்டான்.

பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கோச் கேட்டார்: "அந்த சென்டர் ஃபார்வர்டு எங்க?"

பக்கத்தில் இருந்தவர் சொன்னார்: "அவன் பெரியகுளத்துக்குப் போயிட்டான் சார்."

என் பொய், ஊரெல்லாம் சுற்றி, என் காதுக்கு எட்டுகிற தூரத்திலேயே வந்து பதில் சொன்னது. இருபது அடியில் அந்தப் பையன் உட்கார்ந்திருக்கிறான். கையை நீட்டிக் காட்டியிருக்கலாம். காட்டினால் ஏன் ஆடவில்லை என்று கேட்பார். கேட்டால்...? கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். கோச் இரண்டாம் பாதிக்கு முன்பே காரில் ஏறிவிட்டார். எங்கள் டீமும் தோற்றது.

பேப்பர் டீம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? ஆடாதவன் கோல் போடுவானா? பாண்டி கணக்கில் எனக்கு ஒரு பாயிண்டும் இல்லை. நான் கடைசி. என்னிடம் வாங்கிய கீப்பரை வைத்துச் சந்திரன் முதல். கெடா விருந்தில் என் இலையில் கறியை அள்ளி வைத்துக்கொண்டே சொன்னான் — "புரளிய நம்பி நான் பாண்டியத் தள்ளிவிட்டது எனக்குல்ல யோகம் அடிச்சிருச்சு. அந்தப் புரளி கெளப்புனவன் நல்லா இருக்கணும்ணே."

ரமேஷ் கனடாவில் இருந்து போன் பண்ணினான். நடந்ததை மேலோட்டமாகச் சொன்னேன். "அங்கனயும் புரளி கெளப்புவாக மாமா. ஆனா பிளேயருக்குக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருக்கும். எந்தப் புரளி வந்தாலும் அவன் எங்கயாச்சும் ஆடுவான். நம்ம ஊர்ல வாத்தியாரு மனசுதான ஒப்பந்தம்" என்றான். நாலு நாள் யோசித்தேன். படித்தவன் சரியாகத்தான் சொல்கிறான். அவனிடமும் முழுதாகச் சொல்லவில்லை.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் மறந்திருப்பேன். எனக்கு மறக்கத் தெரியும்.

இரண்டு வாரம் கழித்துப் பாண்டி வெல்டிங் சாமான்களோடு மண்டிக்கு வந்தான். என் ஷட்டர் அப்போது பாதியில் சிக்கிக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தும். அவன் பாட்டுக்குக் கழற்றி, வளைந்த பட்டையை வெட்டி, புதுசு வைத்துப் பற்றவைத்து, கிரீஸ் தடவி, ஒரு விரலால் ஏற்றிக் காட்டினான்.

"யாருடா இதச் செய்யச் சொன்னது?"

"அன்னைக்கு வந்தப்பவே பாத்தேன் மொதலாளி. ஊர்ல எல்லாரும் வேடிக்க பாத்தாக. நீங்க ஒருத்தருதான் வண்டிய எடுத்துக்கிட்டு எனக்காக வந்தீக."

கூலி வாங்க மாட்டேன் என்று போய்விட்டான்.

மூன்று வருடமாகத் தினமும் காலையில் அந்த ஷட்டரை ஒரு விரலால் ஏற்றுகிறேன். இப்போது தெரிகிறதா, அவன் கொடுக்கச் சொன்ன மாலையை ஏன் வேண்டாம் என்றேன் என்று?

இந்தச் செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவன் பட்டறைக்குப் போனேன். பாண்டி ஒரு கேட்டுக்குக் கம்பி வைத்துக்கொண்டிருந்தான். "மாலைய மறுத்துட்டீகளாமே" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை.

"பாண்டி, அந்தப் பெரியகுளம் புரளி... அத நான்தான் கெளப்புனேன்."

கம்பியைக் கீழே வைத்தான். "எதுக்கு மொதலாளி?"

"ஒரு கெடா விருந்துக்கு."

வாய்விட்டுச் சொன்னபோதுதான் அது எவ்வளவு சின்னது என்று எனக்கே கேட்டது.

கேட்டில் ஒட்டியிருந்த இரும்புத் தூளைத் துடைத்தான். "நான் ஒங்ககிட்ட என்னமும் தப்பா நடந்துக்கிட்டனா?"

"இல்லப்பா."

"இது வாத்தியாருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"மூணு வருசமா ரோட்டுல பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. நான் அவரு முதுகுக்குப் பின்னால போனேன்டே நெனச்சுக்கிட்டு இருக்காரு. மொத அவருட்டச் சொல்லுங்க. எங்கிட்டச் சொல்லி இனிமே என்னா ஆகப் போகுது?"

முகமூடியை இறக்கிக்கொண்டு பற்றவைக்க ஆரம்பித்தான். அந்த வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்க்க முடியாது. திரும்பிவிட்டேன்.

வாத்தியார் வீட்டு வாசல் வரை இரண்டு தடவை போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை அவரே பார்த்துவிட்டார். அதே படி. இந்தத் தடவை வேடிக்கை பார்க்க ஆள் இல்லை. சொன்னேன்.

"அன்னைக்கு இங்கன நின்னப்ப ஒனக்கு வாயி இருந்துச்சா தவசி?"

"இருந்துச்சு."

"வாரா வாரம் ஒன் பெருமையெல்லாம் பேப்பர்ல எழுதுறியே, இத எழுதுவியா? புரளி ஊர் பூராவும் போச்சுல்ல. இதுவும் போகட்டும்."

எழுதுகிறேன் என்றேன். அவர் உள்ளே போனார். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். செருப்பைத் தேடிப் போட்டார். என்னைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார். வயது எழுபதுக்கு மேல். அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பைக்கில் கொண்டுவிடட்டுமா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

ஃபைனல் அன்று போவேன். நாற்காலிக்கு இல்லை. கயிற்றுக்கு வெளியே, பாண்டி குத்தவைத்திருந்த இடத்துக்கு. பந்து வந்தால் எடுத்துப் போட ஒரு ஆள் வேண்டுமே.

மண்டி ஷட்டர் மட்டும் இன்னும் சத்தமில்லாமல் ஏறி இறங்குகிறது... கத்தினால் தேவலை.